எண்ணெய் வடித்த துணியும் டீசல் பில்டரும்: வீட்டு முற்றத்தில் செய்யக்கூடிய ஒரு வேலை

அப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 கார் இருந்தது. ஹயருக்கு ஓடியது. 1990இல் வடக்குக்கு எரிபொருள் வருவது தடைப்பட்ட பிறகு அது மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சின்னப் போத்தலில் பொத்திப்பொத்தி வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சம் விட்டு ஸ்ராட் செய்வார். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். அந்த மண்ணெண்ணெயை அவர் ஒருநாளும் நேராகத் தாங்கிக்குள் ஊற்றியதில்லை. அம்மாவின் பழைய நூல்சேலைத் துண்டை நான்காக மடித்துப் புனலில் விரித்து, அதன் வழியாகத்தான் ஊற்றுவார். துணி நழுவாமல் பிடித்திருப்பது என் வேலை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அந்தக் கார் அப்பம்மாவையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து நாவற்குழியைத் தாண்டியதும் நின்றுவிட்டது. மழை. முன்னுக்கும் பின்னுக்கும் சனம். அப்பம்மாவால் நடக்க ஏலாது. அப்பா மெழுகுதிரி வெளிச்சத்தில் காபரேற்றரைத் திறந்து, ஜெற்றைக் கழற்றி வாயால் ஊதினார். உள்ளே கடுகளவு ஊத்தை. இரண்டு துணியைத் தாண்டிப் போன ஊத்தை அது. கார் மறுபடி ஓடியது.

எங்கள் வயதுக்காரர் பலர் எரிபொருள் வடிகட்டி என்ற ஒன்றை முதலில் அறிந்தது இப்படி ஒரு துணித்துண்டாகத்தான். இதை இப்போது எழுதக் காரணம் அத்தானின் வான்.

அத்தான் கிளிநொச்சியில் இருக்கிறார். மீள்குடியேறிய பிறகு கடன்பட்டு வாங்கிய பழைய டொல்பின் வான் ஒன்றில், கிளினிக் நாட்களில் நோயாளர்களை யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் கொண்டுவருகிறார். கொஞ்சக் காலமாக வானுக்கு இழுவை இல்லை. ஆள் நிறைய இருந்தால் ஆனையிறவில் லொறி ஒன்றை முந்தக்கூட முடியவில்லை. ஒரு கராஜில் காட்டியபோது, டீசல் பம்பை இறக்க வேண்டும் என்றார்கள். அதற்குச் சொன்ன தொகை அத்தானின் ஒரு மாத உழைப்பைவிட அதிகம். அப்பாதான், "முதல்லை பில்டரைக் கழட்டிப் பாருங்கோ" என்றார். அடிக் குமிழைத் தளர்த்தியதும் டீசல் வரவில்லை. அரைத் தேநீர்க் கிளாஸ் அளவுக்குக் கபில நிறத் தண்ணீர் வந்தது. வானை வாங்கிய நாளிலிருந்து அத்தான் அந்த பில்டரை மாற்றியதே இல்லை.

எல்லா வாகனத்திலும் பில்டர்தான் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. ஆனால் பெரிய செலவுக்கு ஒப்புக்கொள்ள முன் பார்க்க வேண்டிய முதல் இடம் அது. பழைய டீசல் வாகனங்களில் அதை வீட்டிலேயே மாற்றவும் முடியும்.

பில்டர் என்ன செய்கிறது?

டீசல் தாங்கியிலிருந்து கிளம்பும் எண்ணெய், பம்புக்குப் போகுமுன் பில்டருக்குள் நுழைகிறது. உள்ளே மடிப்பு மடிப்பாகக் கடதாசி போன்ற ஒன்று இருக்கும். அது தூசியையும் துருவையும் பிடித்துக்கொள்கிறது. மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோன். டீசல் பில்டர்கள் 10 மைக்கிரோன் அளவு துகளையும், புதிய வகைகள் அதைவிடச் சின்னதையும் மறிக்கின்றன. கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே துணி மறிக்கும். அதற்குமேல் துணியால் ஆவதில்லை.

இரண்டாவது வேலை தண்ணீரைப் பிரிப்பது. தண்ணீர் டீசலைவிடப் பாரமானது. அதனால் பில்டரின் அடிப்பகுதியில் தேங்கி நிற்கும். அதை வெளியேற்றத்தான் கீழே ஒரு குமிழ் இருக்கிறது. டொல்பின் போன்ற பழைய வான்களின் டீசல் பம்புக்கு உள்ளே வேறு ஒயில் இல்லை. அதன் உள்ளுறுப்புகளுக்கு வழுக்கல் கொடுப்பதே அதனூடாக ஓடும் டீசல்தான். டீசலுக்குப் பதில் தண்ணீர் போனால் உரசல் கூடும், துரு பிடிக்கும். ஒருநாள் பம்பு இறுகிவிடும்.

ஊத்தையும் தண்ணீரும் எங்கிருந்து வருகின்றன?

பாதித் தாங்கியோடு நாட்கணக்கில் நிற்கும் வாகனத்தில், இரவுக் குளிருக்குத் தாங்கியின் உட்சுவரில் ஈரம் படிந்து கீழே இறங்கும். பழைய தாங்கிகளில் துருவும் சேரும்.

2022ஐயும் மறக்க முடியாது. கியூஆர் முறை வந்தபோது முதலில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர்தான். கிடைத்ததைக் கானிலும் போத்தலிலும் சேர்த்து வைக்காத வீடு குறைவு. தடைக் காலத்தைக் கண்ட எங்களுக்கு அந்தப் பயம் இன்னும் விடவில்லை. தட்டுப்பாடு முடிந்தும் பல வீட்டுக் கொட்டில்களில் அந்தக் கான்கள் நிற்கின்றன. மாதக்கணக்கில் நின்ற எண்ணெய், மூடி சரியாகப் பூட்டாத கான், கழுவிவிட்டுக் காயாத போத்தல் ஆகிய மூன்றும் பில்டருக்குத் தண்ணீரைக் கொண்டுவரும் வழிகள். எண்ணெயைச் சேர்த்து வைப்பது வீட்டுக்கும் ஆபத்து.

இன்னொரு பழைய பழக்கம் டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது. தடைக் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழுக்கல் இல்லை. அதைக் கலந்து மிச்சம் பிடிக்கும் காசு, பம்பைத் திருத்தும்போது வட்டியோடு போய்விடும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

ஏற்றத்தில் இழுக்காது என்பதுதான் எல்லோரும் சொல்லும் அறிகுறி. ஆனால் எங்கள் பக்கத்தில் ஏற்றம் ஏது? சமதரையில் ஓடும் வாகனத்தில் நோய் நீண்டகாலம் மறைந்திருக்கும். கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ போகும்போது, பாதி மலையில்தான் தெரியவரும். ஆகவே இவற்றைக் கவனியுங்கள்:

- ஆள் நிறைய ஏற்றி, குளிரூட்டியும் போட்டால் வேகம் எடுக்காமல் திணறுவது.
- காலையில் ஸ்ராட் ஆக வழமையைவிட நேரம் எடுப்பது.
- ஓடிக்கொண்டிருக்கும்போது நின்று, சிறிது நேரம் விட்டால் மறுபடி ஓடுவது.
- டாஷ்போர்ட்டில் பில்டர் விளக்கு எரிவது. திறப்பைப் போட்டதும் இது எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், அல்லது யாரோ வயரைக் கழற்றி விட்டிருக்கலாம். பழைய வான்களில் இது சாதாரணம்.

இதே அறிகுறிகள் காற்று பில்டர் அடைத்தாலும், எண்ணெய்க் குழாயில் காற்று இழுத்தாலும் வரும். காற்று பில்டரைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதையும் பாருங்கள்.

மாற்ற வேண்டிய தூரம் வாகனத்துக்கு வாகனம் வேறு. கையேடு இருந்தால் அதில் உள்ளதே சரி. கையேடு இல்லாத, எப்போது மாற்றியது என்றும் தெரியாத பழைய டீசல் வாகனம் என்றால் இப்போதே ஒருமுறை மாற்றிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

எதை வீட்டில் செய்யலாம், எதை விட வேண்டும்?

மேலே கையால் அமத்தும் பம்பும், கீழே தண்ணீர்க் குமிழும் உள்ள, திருகிக் கழற்றும் வகை பில்டர் கொண்ட பழைய டீசல் வாகனங்களை வீட்டில் செய்யலாம். டொல்பின் போன்ற வான்கள் இந்த வகை.

கே.டி.எச் போன்ற புதிய டீசல் வான்கள் கொமன் ரெயில் முறையில் ஓடுபவை. பில்டர் பார்வைக்கு அதே மாதிரி இருக்கலாம். ஆனால் எஞ்சின் பக்கத்து இரும்புக் குழாய்களில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். அங்கே பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அந்தக் குழாய்களில் கை வைக்கவே கூடாது. இவற்றின் இன்ஜெக்டர்கள் சின்னத் துகளையும் தாங்காதவை. அனுபவம் இல்லாவிட்டால் கராஜுக்கே கொண்டுபோங்கள்.

இன்றைய பெற்றோல் கார்களில் பலவற்றின் பில்டர் தாங்கிக்கு உள்ளே, பம்போடு சேர்ந்து இருக்கிறது. அதையும் வீட்டில் திறக்க வேண்டாம். காபரேற்றர் உள்ள பழைய கார்களிலும் ஓட்டோக்களிலும் குழாயின் நடுவில் பொருத்திய சின்ன பிளாஸ்ரிக் பில்டர் இருந்தால் அதை மாற்றுவது சுகம். இரண்டு கிளிப்பும் ஓர் அம்புக்குறியும்தான். அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும்.

டீசல் பில்டர் மாற்றும் முறை

*வேண்டியவை:* வாகனத்தின் மொடலுக்கும் எஞ்சினுக்கும் உரிய புதிய பில்டர், அதோடு வரும் இறப்பர் வளையங்கள், பில்டர் கழற்றும் பட்டி, ஒரு பழைய கிண்ணம், நூல் விடாத சுத்தமான துணி, ரோச் லைற். பழைய பில்டரின் இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் மாறி வராது.

1. எஞ்சினை நிறுத்தி ஆற விடுங்கள். வெளியில், காற்றோட்டமான சமதரையில் நிற்பாட்டி, கைத்தடையைப் போட்டுச் சில்லுக்குக் கல் வையுங்கள். ஜக்கில் மட்டும் நிற்கும் வாகனத்துக்கு அடியில் போகாதீர்கள். பற்றறியின் மறை முனையைக் கழற்றி விடுங்கள்.

2. டொல்பின் வானில் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. தாங்கியிலிருந்து வரும் குழாயைப் பின்தொடர்ந்து போனால், கைப்பம்போடு கூடிய தகர டப்பா போன்ற பில்டரைக் காணலாம். சுற்றுப்புறத்தை முதலில் நன்றாகத் துடையுங்கள். திறக்கும்போது விழும் மண் நேராகப் பம்புக்குத்தான் போகும்.

3. கீழே கிண்ணத்தை வைத்து, தண்ணீர் உணரியின் வயரைக் கழற்றி, குமிழைத் தளர்த்தி உள்ளிருப்பதை வடிய விடுங்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுத்து வைத்தால் எவ்வளவு தண்ணீர் என்று தெரியும். அது அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும்.

4. பில்டரைத் திருகிக் கழற்றுங்கள். அதன் அடியில் இருக்கும் உணரியைக் கழற்றித் துடைத்து, புதிய இறப்பர் வளையத்தோடு புதிய பில்டரில் பூட்டுங்கள். பழைய வளையம் மேல் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் கட்டாயம் ஒழுகும்.

5. புதிய பில்டரின் வளையத்தில் சுத்தமான டீசலைத் தடவி, கையால் திருகுங்கள். வளையம் தொட்டதும், பில்டரில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பெரும்பாலும் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்று வரை இருக்கும். பட்டி போட்டு இறுக்க வேண்டாம். கானில் உள்ள எண்ணெயை பில்டருக்குள் ஊற்றி நிரப்பவும் வேண்டாம். அது வடிகட்டாத எண்ணெய்.

6. குமிழ் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, உணரியின் வயரைக் கொழுவுங்கள். கைப்பம்பை அமத்திக்கொண்டே இருங்கள். தொடக்கத்தில் லேசாகப் போகும். எண்ணெய் நிரம்பிக் காற்று வெளியேறியதும் கைக்கு இறுகும். எவ்வளவு அமத்தியும் இறுகாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது. வளையங்களையும் குமிழையும் மறுபடி பாருங்கள்.

7. பற்றறியைப் பூட்டி ஸ்ராட் செய்யுங்கள். ஒரே மூச்சில் திறப்பைப் பிடித்திருக்காமல், பத்து விநாடிக்கு ஒருமுறை விட்டுவிட்டுச் செய்யுங்கள். ஓடத் தொடங்கியதும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ரோச் அடித்து ஒழுக்குப் பாருங்கள். அயலுக்குள் ஒரு சுற்று ஓடிவந்து மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகுதான் ஆள் ஏற்ற வேண்டும்.

செய்யக்கூடாதவை

டீசலைவிடப் பெற்றோல் பன்மடங்கு ஆபத்தானது. அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும். சற்றுத் தள்ளி எரியும் அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் போதும். விறாந்தையிலும் குசினிப் பக்கத்திலும் இந்த வேலை வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். அப்பா மெழுகுதிரி வெளிச்சத்தில் காபரேற்றரைத் திறந்தது அன்றைய கதியால். நாங்கள் தப்பியது அதிர்ஷ்டம்.

குழாயை வாயால் உறிஞ்சவோ ஊதவோ வேண்டாம். எங்கள் ஆண்கள் பலருக்கு இது கைவந்த பழக்கம். பெற்றோலோ மண்ணெண்ணெயோ டீசலோ, ஒரு வாய் புரைக்கேறி நுரையீரலுக்குள் போனாலே கடும் நோய் வரும். யாராவது விழுங்கிவிட்டால் சத்தி எடுக்க வைக்காதீர்கள். சத்தியோடு அது நுரையீரலுக்குப் போகும். உடனே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வடித்த எண்ணெயை வளவிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்கு இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டைக் கண்டவர்கள் நாங்கள். மூடியுள்ள கானில் விட்டு, கழிவு ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுங்கள். பழைய பில்டரையும் அப்படியே கொடுங்கள்.

வானுக்கு என்ன ஆனது?

அத்தானின் வானில் இந்த வேலைக்கு எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. அத்தான் கழற்றினார், நான் பம்பை அமத்தினேன். அப்பா கதிரையைக் கொண்டுவந்து போட்டுப் பக்கத்தில் இருந்து ரோச் பிடித்தார். "கை நோகுதோ பிள்ளை? இறுகும்வரைக்கும் விடாதை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாவது திறப்புக்கு வான் ஓடியது. இழுவையும் திரும்பியது. பம்பை இறக்கத் தேவைப்படவில்லை. அடுத்த இரண்டு கிழமையும் குமிழைத் திறந்து பார்த்தோம். முதற்கிழமை கொஞ்சம் தண்ணீர் இருந்தது, இரண்டாம் கிழமை இல்லை. தாங்கியையும் ஒருநாள் இறக்கிக் கழுவ வேண்டும் என்று அத்தான் சொல்லியிருக்கிறார்.

புதிய பில்டரில் வெள்ளை நாடா ஒட்டி, மாற்றிய திகதியையும் ஓடிய கிலோமீற்றரையும் எழுதி வைத்திருக்கிறோம். நீங்களும் எழுதி வையுங்கள். நாளைக்கு வாகனம் கைமாறினாலும், அதை ஓட்டப்போகிறவருக்கு அது உதவும். கிளினிக் நாளில் அந்த வான் ஏ9 வீதியில் நின்றால், நடக்க ஏலாத ஒருவர் உள்ளே இருப்பார்.