துன்ஹிந்தவில் நனைந்த கடிகாரம்

பதுளு ஓயா ஏறத்தாழ 64 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்கின்ற துன்ஹிந்த நீர்வீழ்ச்சியின் எதிரே, புகைபோல எழும்பிவரும் சாரலில் சற்று நேரம் என்னை மறந்து நின்றுவிட்டுத் திரும்புகையில், என் கைக்கடிகாரத்தின் கண்ணாடிக்குள்ளே மெல்லிய மூட்டம் படர்ந்திருக்கக் கண்டேன். 200 மீற்றர் ஆழம் தாங்குமென்று முகப்பில் பொறித்திருந்த சுழியோடிக் கடிகாரம் வெறும் சாரலுக்குத் தோற்றுவிட்டது! காலையில் மணியைச் சரிசெய்ய இழுத்த பக்கக் குமிழை மீண்டும் திருகி இறுக்காதது என் குற்றமேயன்றிக் கடிகாரத்தின் குற்றமன்று.

கடலில் பத்து மீற்றர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. 200 மீற்றர் என்பது மூன்று துன்ஹிந்தவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஆழம். அங்கே ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரின்மீதும் நீர் மட்டுமே இருபது கிலோ பாரமாய் அமுக்கும். அப்பாரத்தைத் தடுத்து நிற்பவை கனத்த கண்ணாடியும், திருகி மூடும் முதுகும் குமிழும், அவற்றின் இடுக்குகளில் ஒளிந்திருக்கும் அற்ப இறப்பர் வாசர்களுமே.

1953இல் தோன்றி, அன்று 100 மீற்றரும் இன்று 300 மீற்றரும் தாங்கும் ரொலெக்ஸ் சப்மரைனர் என்னும் சுழியோடிக் கடிகாரத்தின் விலை ஒன்பதாயிரம் அமெரிக்க டொலருக்கு மேல். அதே வகையான கசியோவின் டூரோவோ நூறு டொலருக்குள் அடங்கி, 200 மீற்றர் தாங்குகிறது. மணி காட்டுவதிலே விலையுயர்ந்தது வெல்லுமென்று எண்ணுவோர் ஏமாறுவர். வினாடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தைப் பற்றரியால் இயக்கும் கசியோ மாதத்துக்கு இருபது வினாடியளவே பிசகும். வில்லும் பற்சக்கரமுமாக உயிர்ப்புடன் ஓடும் ரொலெக்ஸுக்கு நாளொன்றுக்கே இரண்டு வினாடி அனுமதிக்கப்பட்டிருக்கிறது, அதாவது மாதத்துக்கு ஒரு நிமிஷம் வரை. அப்படியாயின் அத்தனை பணமும் எதற்கு? கீறல் விழாத நீலமணிக் கண்ணாடிக்கு, மங்காத பீங்கான் வளையத்துக்கு, குறித்த ஆழத்துக்கும் கால்பங்கு அதிகமான அழுத்தத்தில் ஒவ்வொன்றாகச் சோதிக்கும் சிரத்தைக்கு. மிச்சம் கௌரவத்துக்கு என்பதே என் அபிப்பிராயம்.

இரண்டுக்கும் பொதுவான விசேஷம் முகப்பைச் சுற்றியுள்ள வளையம். நீரில் இறங்குகையில் அதன் முக்கோணக் குறியை நிமிஷ முள்ளுக்கு நேரே திருப்பிவிட்டால், கழிந்த நிமிஷங்களை வளையமே சொல்லும். அது ஒருபுறம் மட்டுமே சுழலும். எங்காவது இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டிக் காட்டுமேயன்றிக் குறைத்துக் காட்டாது. ஆதலால் சுழியோடி முன்கூட்டியே மேலேறுவானேயன்றி, காற்றுத் தீர்ந்தபின் தவிக்கமாட்டான். கடலையே காணாத ஊவாத் தோட்டமொன்றின் தேயிலை ஸ்டோரில், ரோலரில் கொழுந்தைக் கொட்டியவுடன் டீமேக்கர் ஒருவர் இவ்வளையத்தை நறுக்கென்று திருப்பிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனதை நான் கண்டிருக்கிறேன். இதைவிட நல்ல பிரயோசனம் மலைநாட்டில் அதற்குக் கிடைக்காது.

மழையிலும் பனியிலும் உழைப்பவருக்கு மலிவானதே போதும். ஆனால் பற்றரி மாற்றக் கொடுக்கும்போதெல்லாம், வாசரையும் பார்த்து, இறுகியோ வெடித்தோ இருந்தால் புதிது போடச் சொல்லுங்கள். குமிழைத் திருகிவிட்டு வெளியே கிளம்புங்கள்.