வழங்கி மென்பொருளும் தானியங்கு மறுதொடக்கமும்

தேர்வு முடிவையோ வங்கிக் கணக்கையோ கைப்பேசியில் கேட்டவுடன் விடை அனுப்பும் கணினியை வழங்கி என்கிறோம். அதில் இயங்கிக்கொண்டிருக்கும் நிரலைச் செயல்முறை என்பர். இரவு பகலாக இயங்க வேண்டிய அச்செயல்முறை சிலவேளை எதிர்பாராமல் நின்றுவிடும். அதனை மேற்பார்வை நிரல் ஒன்று தானாகவே மீண்டும் தொடங்குவதே தானியங்கு மறுதொடக்கம். இதன் பயனையும் வரம்பையும் இங்குக் காண்போம்.

முதலில், செயல்முறை நின்ற விதத்தை அறிய வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில், முறையாக முடிந்த செயல்முறை 0 என்னும் எண்ணை விட்டுச்செல்லும். பிழையால் முடிந்தது வேறோர் எண்ணைத் தரும். வெளியிலிருந்து நிறுத்தப்படுவதும் உண்டு. 'சிக்டெர்ம்' எனப்படும் 15ஆம் சமிக்ஞை, கையிலுள்ள பணியை முடித்துக்கொள்ள வாய்ப்பளிக்கும். 'சிக்கில்' எனப்படும் 9ஆம் சமிக்ஞை அவ்வாய்ப்பைத் தருவதில்லை. நினைவகம் தீர்ந்துபோகும்போது லினக்ஸ் இந்த 9ஆம் சமிக்ஞையைக் கொண்டே ஒரு செயல்முறையை நிறுத்துகிறது.

லினக்ஸ் கணினிகள் பலவற்றில் மேற்பார்வைப் பணியைச் செய்வது 'சிஸ்டம்டி' என்னும் நிரல். பிழையால் நின்றால் மட்டும் மீண்டும் தொடங்குமாறு அதற்கு ஆணையிடலாம். வேறு அளவு குறிக்கப்படாவிடில், அது 100 மில்லிவினாடி பொறுத்துத் தொடங்கும். 10 வினாடிக்குள் 5 முறை தொடங்கியும் செயல்முறை நிலைக்காவிடில், மேலும் தொடங்க மறுத்துவிடும். இம்மறுப்பு இன்றியமையாதது. அமைப்புக் கோப்பில் ஓர் எழுத்துத் தவறியிருந்தால், ஆயிரம் முறை தொடங்கினாலும் செயல்முறை ஆயிரம் முறையும் வீழும். கணினியின் ஆற்றலும் வீணாகும்.

இக்கருத்தைச் செம்மையாக வளர்த்தது எர்லாங் என்னும் நிரல்மொழி. 1980களில் எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் அவர்தம் குழுவினரும் தொலைபேசி இணைப்பகங்களுக்காக அதனை உருவாக்கினர். அம்மொழியில் பணிசெய்யும் செயல்முறை வேறு. அதனைக் கண்காணிக்கும் செயல்முறை வேறு. வீழ்ந்ததைக் கண்காணிப்பது மீண்டும் தொடங்கும். வீழ்ச்சிகள் வரம்பை மீறினால், அதுவும் நின்று, தனக்கு மேலுள்ள கண்காணிப்பிடம் பொறுப்பை ஒப்படைக்கும்.

மறுதொடக்கத்தால் நிரல் மீளும். பாதியில் நின்ற பணி தானாக மீளாது. ஒருவர் 200 வெள்ளி அனுப்புகிறார் எனக் கொள்வோம். பணம் கழிக்கப்பட்டபின், மறுமொழி செல்லுமுன் செயல்முறை வீழ்கிறது. விடை வராமையால் அவரது கைப்பேசி அதே கோரிக்கையை மீண்டும் அனுப்பினால், 400 வெள்ளி கழிந்துவிடக்கூடும். எனவே, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் இட வேண்டும். மீண்டும் அனுப்பும்போதும் அதே எண்ணே செல்ல வேண்டும். அவ்வெண்ணுடைய பணி முன்பே நிறைவேறியதா என்று பார்த்த பின்னரே வழங்கி செயற்பட வேண்டும்.

இறுதியாக, ஒவ்வொரு வீழ்ச்சியும் நேரத்தோடும் காரணத்தோடும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். நினைவகத்தைச் சிறிது சிறிதாக விழுங்கும் நிரல், நாள்தோறும் வீழ்ந்து நொடியில் எழுந்தால், பயனர் கண்ணுக்குக் குறையின்றியே தோன்றும். பதிவேட்டைப் படிப்பவரே அக்குறையைக் காண்பார். மறுதொடக்கம் சேவையைக் காத்து, பிழையைத் தேட நமக்குக் காலம் தருகிறது. பிழையைத் திருத்தும் பணி நிரலாளரையே சார்ந்தது.