பரிசலுக்கு ஒரு சட்டை

ஓசூர் ஆலைகளில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகின்றன. அங்கிருந்து தெற்கே, கர்நாடக எல்லையை ஒட்டிய ஒகேனக்கல்லில், இன்றும் கையாலேயே ஒரு வாகனம் பிறக்கிறது. அதுதான் காவிரிப் பரிசல்!

மூங்கிலைப் பிளந்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஏறக்குறைய 7 அடி அகலக் கூடையாக வளைப்பார்கள். வெறும் கூடையில் தண்ணீர் புகுந்துவிடுமே! அதற்குத்தான் உறை. முன்பெல்லாம் தோல், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் விரிப்பு. அதை அடிப்புறத்தில் இழுத்துப் போர்த்தி, விளிம்போடு இறுகக் கட்டி, தார் பூசுகிறார்கள். சுருக்கம் விழுந்தால் பாறை உரசிக் கிழித்துவிடும். கைப்பக்குவம் தெரிவது அங்கேதான்.

அடிப்பாகம் தட்டை என்பதால், ஆழமில்லாத பாறை இடுக்கிலும் பரிசல் வழுக்கிக்கொண்டு போகும்.

ஒகேனக்கல் போகிறவர்களே, உயிர்காப்பு உடையை அணிந்த பிறகே பரிசலில் கால் வையுங்கள்.