ஒரு விதி, இரண்டு வரிசை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளை மார்ச்சிங் பேண்டுக்கு உரியது. வாத்தியம் வாசித்தபடியே மாணவர்கள் மைதானத்தில் நடந்து விதவிதமான உருவங்கள் அமைப்பார்கள். எந்த எண்ணிக்கையில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பதுதான் டெக்சாஸில் என் வேலை. இந்த நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் ஒரு கதை இருக்கும்: விண்வெளி, சர்க்கஸ், கடற்கொள்ளையர். இந்த ஆண்டு எங்களுக்குக் கதை வேண்டாம், ஒரு விதி போதும் என்று முடிவெடுத்தோம்.

விதி மினிமலிச இசையிலிருந்து வந்தது. 1960களில் டெர்ரி ரைலி, ஸ்டீவ் ரைஷ், ஃபிலிப் கிளாஸ் போன்றவர்கள் வளர்த்த பாணி இது. சின்னத் துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப வரும். மாற்றம் மெல்ல மெல்ல நடக்கும். ரைஷ் 1972இல் எழுதிய 'கிளாப்பிங் மியூசிக்'குக் கைதட்ட இரண்டு பேர் போதும். 12 அட்சரத்தில் மூன்று தட்டு, இரண்டு, ஒன்று, மறுபடி இரண்டு. ஒவ்வொரு கொத்துக்குப் பின்னும் ஓர் அட்சரம் மௌனம். ஒருவர் கடைசிவரை இதையே தட்டுவார். மற்றவர் அவ்வப்போது ஓர் அட்சரம் நகர்ந்துகொண்டே போவார். 12ஆவது நகர்வில் இருவரும் மறுபடி ஒன்றுசேர்வார்கள்.

பதிப்புரிமை உள்ள பிறர் இசையை பேண்டுக்கு மாற்றி எழுதப் பதிப்பாளரின் அனுமதி வேண்டும். அதனால் 12 அட்சரத்தில் எங்களுக்கென்று ஒரு தாளம் அமைத்துக்கொண்டோம். கைதட்டல் ஸ்டேடியத்தில் எடுபடாது. கையில் வுட்பிளாக் என்னும் மரக்கட்டை.

காதில் விழும் நகர்வு கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பதே என் ஆசை. எங்கள் நடையில் 8 காலடிக்கு 5 கஜம். மைதானத்துக் கோடுகளும் 5 கஜத்துக்கு ஒன்று. ஒரு காலடிக்கு 2 அட்சரம் வைத்தால் ஒரு தாளச் சுற்றுக்கு 6 காலடி. நான்கு சுற்றுக்கு ஒரு நகர்வு: 24 காலடி, சரியாக 15 கஜம். ஆகவே ஒவ்வொரு நகர்வும் ஒரு கோட்டின் மேல் முடிகிறது. ஒரு வரிசை நடுவில் நிற்கிறது. மஞ்சள் கையுறை போட்ட மற்ற வரிசை 50 கஜக் கோட்டிலிருந்து 35க்குப் போய், திரும்பி வந்து, மறுபக்கத்து 35க்குப் போய்த் திரும்புகிறது. மூன்று முறை இப்படிப் போய்வந்தால் 12 நகர்வுகள். தாளம் சேரும் அந்த நடையிலேயே வரிசையும் வீடு வந்து சேர்கிறது.

வரிசைகளை மைதானத்தின் இரு முனைகளிலும் நிறுத்தினால் படத்தில் அழகாக இருக்கும், ஒலி விடாது. 91 மீட்டரைக் கடக்க ஒலிக்குக் கால் விநாடிக்கு மேல் ஆகும். நிமிடத்துக்கு 144 காலடி வேகத்தில் ஓர் அட்சரம் 0.21 விநாடிதான். ஒரு முனையில் உட்கார்ந்திருப்பவருக்கு, நாங்கள் நகர்த்தாமலேயே தாளம் நகர்ந்துவிடும். 15 கஜத்துக்குள் வைத்துக்கொண்டால் அந்தத் தாமதம் 0.04 விநாடிதான்.

மாற்றமில்லாத தொடக்கத்தைச் சுருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நான் சம்மதிப்பதில்லை. மூலத் தாளம் மனதில் பதியாமல் நகர்வு எப்படிப் புரியும்? பொறுமையான இந்த இசை மைதானத்துக்கு ஒத்துவராது என்பதும் சரியில்லை. கிளாஸின் 'ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்' இசையையும் எடுத்துக்கொண்டுதான் 2013இல் கரோலைனா கிரௌன் குழு, டிரம் கோர் என்னும் மார்ச்சிங் குழுக்களின் போட்டியில் சாம்பியன் ஆனது.

ஒத்திகை பார்க்க வரும் பெற்றோரிடம், அடுத்த நகர்வு எப்போது என்று கையைத் தூக்கிக் காட்டச் சொல்வேன். இசையே படிக்காதவர்கள்கூட மூன்றாவது நகர்வுக்குள் சரியாகத் தூக்கிவிடுகிறார்கள். விதி அவர்கள் கைக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியது எதுவும் இல்லை.