குறட்டையும் இரத்த அழுத்தமும்

குறட்டையைப் பரிகாசத்துக்குரிய விஷயமாகவே நாம் கருதி வந்திருக்கிறோம். கும்பகர்ணனை உவமை சொல்லிச் சிரித்துவிட்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறோம். நன்றாக உறங்குகிறவரே குறட்டை விடுகிறார் என்பது பலருடைய எண்ணம். ஆனால் சிலருடைய குறட்டை, உறக்கம் கெடுவதற்கும் இரத்த அழுத்தம் ஏறுவதற்கும் அறிகுறியாகும்.

ஓங்கி ஒலித்த குறட்டை திடீரென்று நிற்கிறது. பக்கத்தில் இருப்பவர் "அப்பாடா!" என்கிறார். அபாயமோ அப்பொழுதுதான் ஆரம்பமாகிறது. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழியை அடைத்துவிடுகின்றன. மார்பு எவ்வளவு முயன்றும் காற்று உட்செல்வதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அரைகுறையாக விழித்துக்கொள்கிறது. உடனே பெருமூச்சொன்று வெடித்துக் கிளம்புகிறது. குறைந்தது 10 விநாடி நீடிக்கும் இத்தடை, நோய் முற்றியவர்களுக்கு மணிக்கு 30 தடவைக்கு மேலும் நேரிடும். காலையில் அவர்களுக்கு ஒன்றும் நினைவிராது. தலைவலியும் பகல் தூக்கமுமே மிஞ்சும்.

மூச்சு தடைப்படுந்தோறும் நரம்புகள் கிளர்ச்சியுற்று இரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. சாதாரணமாக இரவில் 10 முதல் 20 சதவிகிதம் தணிய வேண்டிய அழுத்தம் தணிவதில்லை. நாளடைவில் பகலிலும் உயர்ந்தே நிற்கிறது. மூன்று வித மருந்துகள் உட்கொண்டும் அழுத்தம் அடங்காதவர்களில் அநேகருக்கு இந்த மூச்சுத் தடை இருக்கக் காண்கிறார்கள்.

இதற்குப் பரிகாரம் என்ன? 1981-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வைத்தியர் காலின் ஸல்லிவன் ஒரு முறையை வெளியிட்டார். மூக்கின் வழியே இலேசான அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தினால் தொண்டை மூடாமல் நிற்கும். இன்று "சீபேப்" என்று வழங்கும் கருவி இவ்வாறு பிறந்ததே. மூச்சுத் தடையை இது நன்கு நீக்குகிறது. ஆனால் இரத்த அழுத்தத்தைச் சராசரியாக 2, 3 மில்லிமீட்டர் அளவே குறைக்கிறது. ஸ்பெயின் தேசத்தில், மருந்துக்கு அடங்காத அழுத்தமுள்ளவர்களிடம் 12 வாரம் சோதித்து 2013-இல் வெளியிட்ட முடிவும் ஏறக்குறைய இதுவே. இரவில் அதிக நேரம் அணிந்தவர்கள் அதிகப் பலன் பெற்றார்கள்.

ஆகவே கருவி வந்துவிட்டதென்று மாத்திரையைக் கைவிடலாகாது. மாத்திரை இருக்கிறதென்று குறட்டையை அலட்சியம் செய்வதும் தகாது. பருத்தவர்கள் உடல் எடையைக் குறைத்தால் இரண்டு நோயும் தணியும். மது, தொண்டையை மேலும் தளர்த்தும். உணவில் மிகுந்த உப்பு, அழுத்தத்தை ஏற்றும். மெலிந்தவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு என்பதை மறக்க வேண்டாம்.

உறங்குகிறவர் தம் நோயைத் தாமே அறியமாட்டார். வீட்டிலுள்ளவர்களே அதற்குச் சாட்சி. இரத்த அழுத்தத்துக்காக அவர் வைத்தியரிடம் செல்லும்போது கூடச் சென்று, இரவில் கண்டதையும் கேட்டதையும் சொல்லுங்கள். நாடி பார்த்துத் தெரியாத விஷயம் அந்த வார்த்தையால் தெரியவரும்.