உங்களுக்குத் தெரியுமா? ஸ்கேட்போர்டுக்கு வாத்தியார் வீடியோ கேசட்!

● 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்கேட் பூங்காக்கள் வரிசையாக மூடப்பட்டன. டி.வி.யும் ஸ்கேட்போர்டைக் கண்டுகொள்ளவில்லை. 1984-ல் பாவெல் பெரால்டா நிறுவனம், தன் பலகைகளை விற்பதற்காக ‘தி போன்ஸ் பிரிகேட் வீடியோ ஷோ’ கேசட்டை வெளியிட்டது. அதில் லான்ஸ் மவுண்டன் என்ற ஸ்கேட்டர் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து சறுக்கி இறங்கி, தெருத் தெருவாகப் போவார். விளம்பரத்துக்கு எடுத்த படம், பையன்களுக்குப் பாடப்புத்தகம் ஆகிவிட்டது.

● 1987-ல் அதே நிறுவனம் எடுத்த ‘தி சர்ச் ஃபார் அனிமல் சின்’னில் கதையும் உண்டு. காணாமல்போன சின் என்ற கிழவரைத் தேடி டோனி ஹாக் உள்ளிட்ட ஐந்து ஸ்கேட்டர்கள் ஊர் ஊராக அலைகிறார்கள். கிழவர் வெறும் கற்பனை. ஆனால் படத்துக்காகக் கட்டிய பிரமாண்ட மரச் சறுக்குத்தளம் நிஜம். அதன் விளிம்பில் நான்கு பேர் ஒரே நேரத்தில் ஒற்றைக் கை ஊன்றித் தலைகீழாக நின்ற காட்சிக்கு இன்றும் மவுசு குறையவில்லை.

● ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ஃபயர்’ (1989) வீடியோவில் நாட்டாஸ் கௌபாஸ், சாலையோரத் தீயணைப்புக் குழாயின் உச்சியில் பலகையோடு ஏறிப் பம்பரமாகச் சுழன்றார். தெருவில் இருக்கும் எதன் மீதும் ஏறலாம் என்ற துணிச்சல் பரவியது. அந்தச் சுழற்சி பின்னாளில் நாட்டாஸின் பெயரோடு, டோனி ஹாக் பெயரில் வந்த ஸ்கேட்போர்டு வீடியோ கேமிலும் இடம்பிடித்தது.

● பிளைண்ட் நிறுவனத்தின் ‘வீடியோ டேஸ்’ (1991) படத்தில் மார்க் கொன்சாலஸ் சறுக்குவது ஜான் கோல்ட்ரேனின் ஜாஸ் இசைக்கு. என்ன வித்தை செய்தார் என்பதோடு, எவ்வளவு அநாயாசமாகச் செய்தார் என்றும் பார்க்கவைத்த படம் இது. இதை இயக்கிய ஸ்பைக் ஜோன்ஸ், பிறகு ‘ஹெர்’ படத்தின் திரைக்கதைக்காக ஆஸ்கர் வாங்கினார். இதில் சறுக்கிய ஜேசன் லீ, ஹாலிவுட் நடிகரானார்.

● 1992-ல் பிளான் பி நிறுவனத்தின் ‘குவெஸ்சனபிள்’ வந்த காலத்தில் தொளதொள பேன்ட்டும் குட்டிச் சக்கரமும்தான் ஃபேஷன். சக்கரம் 40 மி.மீ. அளவுக்குச் சுருங்கியது. எடை குறைவு என்பதால் பலகையைக் காலால் புரட்டுவது சுலபம். ஆனால், சின்னக் கல் தட்டினாலும் குப்புற விழ வேண்டியதுதான்! இதே படத்தில் பாட் டஃபி, கொட்டும் மழையில் படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பி மேல் சறுக்கினார்.

● ‘வெல்கம் டு ஹெல்’ (1996) வீடியோவில் எலிஸா ஸ்டீமருக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. பெரிய ஸ்கேட் வீடியோக்களில் அதுவரை எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத இடம் அது. 1999-ல் வந்த முதல் டோனி ஹாக் வீடியோ கேமிலும் அவர் ஒருவர்தான் பெண்.

● சரியாக முடியாத ஒரு தாவலும் புகழ்பெற்றிருக்கிறது. சான் டியாகோவில் ஒரு பள்ளி வளாகத்தில், ஏறத்தாழ 18 அடி உயரத்திலிருந்து ஜேமி தாமஸ் பலகையோடு குதித்தார். விழுந்தாரே தவிர, சறுக்கிப் போக முடியவில்லை. ஆனாலும் ‘த்ரில் ஆஃப் இட் ஆல்’ (1997) வீடியோவில் அது இடம்பெற்றது. அந்த இடத்தில் பிற்பாடு லிஃப்ட் கட்டிவிட்டார்கள். இனி யாரும் குதித்துப் பார்க்க வழியில்லை.

● ஸ்கேட் வீடியோக்களின் தோற்றத்தை மாற்றியது ஒரு கேமரா: 1995-ல் வந்த சோனி விஎக்ஸ்1000. மேலே கைப்பிடி இருப்பதால் தரையோடு தரையாகத் தாழ்த்திப் பிடிக்கலாம். ஒளிப்பதிவாளரும் இன்னொரு பலகையில் ஏறிப் பின்தொடர்வார். மீன்கண் லென்ஸை மாட்டினால் பத்துப் படி, இருபது படி போலத் தெரியும். துல்லியமான கேமராக்கள் வந்த பிறகும் இதையே தேடிப் பிடித்து வாங்குபவர்கள் உண்டு.

● ஓரிடத்தில் ஒருவர் செய்து வீடியோவில் வந்துவிட்ட வித்தையை, அதே இடத்தில் இன்னொருவர் செய்து படமெடுத்தால் மதிப்பில்லை. ஸ்கேட்டர்கள் அதை ‘ஏபிடி’ என்று ஒதுக்கிவிடுவார்கள். ஏற்கெனவே செய்தாயிற்று என்று பொருள். அதனால், பலகையில் ஏறுவதற்கு முன் பழைய வீடியோக்களை உட்கார்ந்து பார்ப்பதும் பயிற்சியில் சேர்த்திதான்!