என் கணினியில் ஓடுகிறது, உன் கணினியில் ஏன் ஓடவில்லை?

“என் கணினியில் நன்றாகத்தானே ஓடுகிறது!” கணினி பயிலும் மாணவர்களிடையே அடிக்கடி காதில் விழும் வசனம் இது. குழுப்பணியைச் சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போதுதான் பெரும்பாலும் வரும். ஒருவரிடம் விண்டோஸ் மடிக்கணினி, இன்னொருவரிடம் மேக்புக், மூன்றாமவர் லினக்ஸ் பிரியர். மூவரிடமும் இருப்பது ஒரே நிரல்தான். ஒருவரிடம் ஓடுகிறது, மற்ற இருவரின் திரையிலும் சிவப்பு எழுத்துகள். விரிவுரையாளர் எந்தக் கணினியில் ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடுவார் என்பதோ மூவருக்கும் தெரியாது.

இப்படி நேரும்போது முதலில் நிரலில்தான் பிழை தேடுவோம். பெரும்பாலும் பிழை அங்கே இருக்காது. நாம் எழுதும் நிரல், ஓடும் செயலியாக மாறுவதற்கு முன் சில படிகளைக் கடக்கிறது. ஒவ்வொரு கோப்பையும் கம்பைலர் இயந்திர மொழிக்கு மாற்ற வேண்டும். பிறர் எழுதிய லைப்ரரிகளைத் தேடிப் பிடித்து அவற்றோடு இணைக்க வேண்டும். இந்த மொத்த வேலையைத்தான் ‘பில்ட்’ என்கிறோம். நம் கணினியைப் பற்றி நாமே அறியாமல் வைத்திருக்கும் ஊகங்கள் எல்லாம் ஒளிந்திருப்பது இந்த இடத்தில்தான்.

தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்றை சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். சொற்பட்டியல் ஒரு கோப்பில் இருக்கிறது. விளையாடுபவர் தட்டும் சொல் அதில் உண்டா என்று செயலி பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பட்டியலைத் தயாரித்தவர் விண்டோஸ் பயன்படுத்துபவர். விண்டோஸில் ஒரு வரி முடிந்தது என்பதைக் காட்ட இரண்டு குறிகள் பதிவாகும். லினக்ஸிலும் மேக்கிலும் ஒன்றுதான். தொலைத்தட்டச்சு இயந்திரக் காலத்தில், அச்சுத் தலையை இடப்பக்கம் தள்ளுவதும் தாளை ஒரு வரி மேலே நகர்த்துவதும் தனித்தனி வேலைகள். அந்த இரண்டு வேலைகளின் மிச்சம் இன்றும் நம் கோப்புகளில் இருக்கிறது. லினக்ஸில் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒவ்வொரு சொல்லின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். விளையாடுபவர் ‘அம்மா’ என்று சரியாகத் தட்டினாலும் “பட்டியலில் இல்லை” என்று செயலி அடம்பிடிக்கும். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது என்பதால் மணிக்கணக்கில் தேடினாலும் காரணம் பிடிபடாது.

இது ஒன்று மட்டுமல்ல. ஆங்கிலத்தில் கோப்பின் பெயரை ஓரிடத்தில் பெரிய எழுத்தில் தொடங்கி, வேறோர் இடத்தில் சிறிய எழுத்தில் தொடங்கினால் விண்டோஸ் கண்டுகொள்ளாது. மேக்கும் வழக்கமான அமைப்பில் கண்டுகொள்ளாது. லினக்ஸுக்கோ அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். சி மொழியில் ‘லாங்’ என்ற எண் வகை 64 பிட் விண்டோஸில் 4 பைட். 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் 8 பைட். 4 பைட்டில் ஏறத்தாழ 214 கோடி வரைதான் எண்ண முடியும். 1970இலிருந்து இன்றுவரை கடந்த மில்லி விநாடிகளோ 1.7 லட்சம் கோடிக்கும் மேல். மேக்கில் ஒழுங்காக நேரம் கணக்கிட்ட நிரல், விண்டோஸில் அபத்தமான விடை சொல்வது இதனால்தான்.

தமிழில் எழுதுவோருக்குக் கூடுதலாக ஒரு சோதனை. ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோட் கணக்கில் ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 வடிவில் சேமித்தால் 15 பைட். லினக்ஸும் மேக்கும் இன்று யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்கின்றன. மைக்ரோசாஃப்ட் கம்பைலரிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கணினியில் அமைந்துள்ள பழைய எழுத்துக் குறியீட்டின்படி அது கோப்பைப் படிக்கும். அதற்கான கட்டளை ஒரே ஒரு சொல்தான். ஆனால் அதை எழுத வேண்டிய இடம் நிரல் அல்ல, பில்ட் அமைப்புக் கோப்பு. ஆங்கிலத்தில் மட்டும் எழுதும் நண்பர்களுக்கு இந்தத் தொல்லை வருவதே இல்லை என்பதால், பாடங்களிலும் இது அதிகம் பேசப்படுவதில்லை.

ஊரைக் கேட்பதா, வசதியைக் கேட்பதா?

இதற்குத் தீர்வு என்ன? முதலில் தோன்றும் வழி, “இது விண்டோஸ் என்றால் இப்படிச் செய், மேக் என்றால் அப்படிச் செய்” என்று நிரல் முழுக்க நிபந்தனைகளைத் தூவுவது. அவசரத்திற்கு உதவும். நாளடைவில் நம்மையே வதைக்கும்.

தோ பாயோவில் இருக்கும் அத்தைக்கு நம் அம்மா தோசை மாவுக்குக் குறிப்பு எழுதி அனுப்புகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். “தோ பாயோ வீடு என்றால் கிரைண்டரில் அரைக்கவும், ஈசூன் வீடு என்றால் மிக்சியில் அரைக்கவும்” என்று எழுதினால் எப்படி இருக்கும்? அத்தை வீடு மாறினால் அந்தக் குறிப்பு வீண். “வீட்டில் கிரைண்டர் இருக்கிறதா? இல்லையென்றால் மிக்சி போதும்” என்று எழுதினால் எந்த வீட்டிலும் மாவு அரைபடும்.

மேக் பயனீட்டாளர்களுக்கு இது 2020இல் நிஜமாகவே நடந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஆப்பிள் நிறுவனம், இன்டெல் சில்லுகளை விட்டுத் தன் சொந்தச் சில்லுகள் கொண்ட கணினிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேக்கில் மென்பொருள்களை நிறுவப் பலரும் பயன்படுத்தும் ஹோம்புரூ, புதிய கணினிகளில் லைப்ரரிகளை வேறொரு கோப்புறையில் வைக்கத் தொடங்கியது. “மேக் என்றால் லைப்ரரி இந்தக் கோப்புறையில்தான் இருக்கும்” என்று எழுதி வைத்திருந்த பில்ட் கோப்புகள் புதிய கணினிகளில் கையை விரித்தன. “லைப்ரரி எங்கே இருக்கிறது?” என்று தேடிப் பார்க்கும்படி எழுதியிருந்தவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள்.

இந்தச் சிந்தனை புதிதல்ல. 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்ற கருவியை எழுதினார் (ஆப்பிள் மேக் அல்ல, ‘செய்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்). எந்தக் கோப்பு மாறியிருக்கிறதோ அதை மட்டும் மறுபடி கம்பைல் செய்வதே அதன் வேலை. அதன் கோப்பில் கட்டளை வரிகள் ‘டேப்’ இடைவெளியில்தான் தொடங்க வேண்டும். சாதாரண இடைவெளி விட்டால் பிழை. அந்த விதி தொல்லை தரும் என்பது ஃபெல்ட்மனுக்குச் சீக்கிரமே புரிந்தது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால், அவர்களுக்கு இடையூறு வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டார். இன்றும் உலகம் முழுக்க மாணவர்கள் அந்த டேப்பில் தடுக்கி விழுகிறார்கள்.

1991இல் டேவிட் மெக்கன்சி உருவாக்கிய ‘ஆட்டோகான்ஃப்’ அடுத்த பாய்ச்சல். அந்தக் காலத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்திலேயே எத்தனையோ நிறுவனங்களின் எத்தனையோ வகைகள். ஆட்டோகான்ஃப் கணினியின் பெயரை நம்பி முடிவெடுப்பதில்லை. ஒரு வசதி இருக்கிறதா என்று அறிய, அதைப் பயன்படுத்தும் குட்டி நிரல் ஒன்றை அங்கேயே எழுதி, கம்பைல் செய்து பார்க்கும். வெற்றி என்றால் ‘உண்டு’ என்று குறித்துக்கொள்ளும். தோல்வி என்றால் ‘இல்லை’. இப்படி நூற்றுக்கணக்கான கேள்விகளைக் கேட்டு முடித்த பிறகே பில்ட் தொடங்கும்.

ஆட்டோகான்ஃப் ஓடுவதற்கு யூனிக்ஸ் சூழல் வேண்டும். விண்டோஸில் அது இயல்பாக இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது ‘சிமேக்’. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத்தின் ஆதரவில் மருத்துவப் படங்களை ஆராயும் ஒரு மென்பொருள் தொகுப்புக்காக, கிட்வேர் நிறுவனம் 2000ஆம் ஆண்டு வாக்கில் அதை உருவாக்கத் தொடங்கியது. சிமேக் தானே எதையும் கம்பைல் செய்வதில்லை. நாம் எழுதும் ஒரே விவரக் கோப்பைப் படித்து, விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோவுக்கும், மேக்கில் எக்ஸ்கோடுக்கும், லினக்ஸில் மேக் அல்லது நிஞ்சா கருவிக்கும் தேவையான கோப்புகளை அது எழுதித் தருகிறது. அதன் மொழி அழகானது என்று மனசாட்சியுடன் சொல்ல முடியாது. இணையத்தில் கிடைக்கும் பாதிப் பாடங்கள் பழையவை. ஆனாலும் மாணவர்கள் ஒரு கருவியைத்தான் கற்க முடியும் என்றால் நான் இதையே சொல்வேன்.

‘டாக்கர்’ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நிரலோடு அது வாழும் சூழலையும் சேர்த்துக் கட்டி அனுப்பும் முறை அது. இணையச் சேவைகளுக்கு அருமையான வழி. ஆனால் விண்டோஸிலும் மேக்கிலும் டாக்கர் வழக்கமாகச் செய்வது, உள்ளுக்குள் ஒரு லினக்ஸை ஓட்டுவதுதான். தாத்தா தம் மடிக்கணினியில் சொடுக்கி விளையாட வேண்டிய சொல் விளையாட்டை அப்படிக் கொடுக்க முடியாது. “நான் பைத்தான்தான் எழுதுகிறேன், எனக்கு இந்தக் கவலை இல்லை” என்போரும் உண்டு. நம்பை போன்ற லைப்ரரிகளின் உள்ளே சி நிரல் இருக்கிறது. ஒவ்வோர் இயங்குதளத்திற்கும், ஒவ்வொரு வகைச் சில்லுக்கும் அதைத் தனித்தனியாக பில்ட் செய்து பதிவேற்ற யாரோ உழைத்திருக்கிறார்கள். உங்கள் கணினிக்குப் பொருத்தமான பில்ட் இல்லாத நாளில்தான் அந்த உழைப்பு தெரியவரும்.

ஒரு புள்ளி செய்த வேலை

பில்ட் கோப்புகளை யாரும் படிப்பதில்லை. ஆட்டோகான்ஃப் உருவாக்கும் கோப்பு ஆயிரக்கணக்கான வரிகள் நீளும். ஓட்டுவோம்; திரையில் ‘உண்டு, இல்லை, உண்டு’ என்று ஓடும்; நாம் காப்பி குடிக்கப் போவோம். 2024இல் ஒருவர் இந்தப் பழக்கத்தைத்தான் ஆயுதமாக்கினார்.

‘எக்ஸ்இசட்’ என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறிய மென்பொருள். ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கிறது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் இயங்கிய, இன்றுவரை யாரென்று உறுதியாகாத ஒருவர், ஓரிரு ஆண்டுகள் பொறுமையாகப் பங்களித்து அதன் பராமரிப்பாளராகவே ஆனார். பிறகு 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு பின்வாசலைப் புகுத்தினார். அதைத் திறந்துவிடும் வரிகள் நிரலில் இல்லை. பில்ட் அமைப்புக் கோப்பு ஒன்றில் இருந்தன. அதுவும் எல்லாரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லை. பதிவிறக்கத்திற்கென வெளியிட்ட தொகுப்பில் மட்டும். அந்த வரிகளும் ஆட்டோகான்ஃப் போலவே கேள்வி கேட்டன: இது லினக்ஸா, இன்டெல் வகைச் சில்லா, லினக்ஸ் வெளியீடுகளுக்கான தொகுப்பு இங்கே தயாராகிறதா? எல்லாம் ‘ஆம்’ என்றால் மட்டுமே விஷம் கலந்தது.

ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்து, ஏன் என்று துருவினார். மார்ச் 29ஆம் தேதி உண்மை வெளியானது. அதற்குள் சில லினக்ஸ் வெளியீடுகளின் சோதனைப் பதிப்புகளுக்கு அந்தத் தொகுப்பு போய்ச் சேர்ந்திருந்தது. இன்னும் சில வாரம் தாமதித்திருந்தால் உலகெங்கும் உள்ள சேவைக் கணினிகளுக்கும் போயிருக்கும்.

பரவலாகப் பேசப்பட்டது இந்தப் பின்வாசல்தான். என்னை அதிகம் உலுக்கியது அதே ஆள் செய்த இன்னொரு சிறு வேலை. எக்ஸ்இசட்டின் சிமேக் கோப்பில், ‘லேண்ட்லாக்’ என்ற லினக்ஸ் பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று சோதிக்கும் குட்டி நிரல் ஒன்று உண்டு. அதில் ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்துவிட்டார். புள்ளி இருப்பதால் அந்த நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. ஆகவே எல்லா இடத்திலும் விடை ‘இல்லை’. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. பாதுகாப்பு இல்லாமலே பில்ட் வெற்றிகரமாக முடியும்.

கணினியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறையின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. ‘இல்லை’ என்ற விடைக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம்: வசதி உண்மையிலேயே இல்லை, அல்லது கேள்வியே தப்பு. கருவியால் அந்த வேறுபாட்டை அறிய முடியாது. அதனால் உங்கள் செயலிக்கு ஒரு வசதி கட்டாயம் என்றால், ‘இருந்தால் பயன்படுத்து’ என்று எழுதாமல் ‘இல்லாவிட்டால் நின்றுவிடு’ என்று எழுதுங்கள். சிமேக்கில் அதற்கு ஒரு சொல் போதும். மற்ற வசதிகளில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று கடைசியில் நாலு வரி அச்சிட வைத்தால், காப்பிக்குப் போய்வந்த பிறகாவது கண்ணில் படும்.

மூன்று வகைக் கணினியும் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. கிட்ஹப்பில் நிரலைப் பொதுவில் வைத்தால், ஒவ்வொரு மாற்றத்தையும் உபுண்டு, விண்டோஸ், மேக் மூன்றிலும் இலவசமாக பில்ட் செய்து பார்க்கும் வசதி இருக்கிறது. இதைத் திட்டத்தின் முதல் நாளிலேயே அமைத்துவிடுவது நல்லது. நிரல் பத்து வரியாக இருக்கும்போது பத்து நிமிட வேலை. வரி முடிவுக் குறியை எல்லாருக்கும் ஒன்றாக்க கிட்டில் தனி அமைப்புக் கோப்பு உண்டு. அதையும் அன்றே போட்டுவிடலாம். அது முடிந்ததும், உங்களுடையதைப் போல் இல்லாத மடிக்கணினி வைத்திருக்கும் தோழியிடம் திட்டத்தைக் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். வழிமுறைக் கோப்பை மட்டும் படித்து அவரால் பில்ட் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். அவர் உங்களைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், நீங்கள் எழுத விட்டுப்போன ஒரு வரி இருக்கிறது.